நங்கையா வீட்டுக்காரர் பிடித்துவந்த சேவல்

அந்தச் சேவல் எங்கள் வாசலுக்கு ஒரு சிமெண்டுச் சாக்கில் வந்தது. சாக்கில் போட்ட ஓட்டை வழியாகத் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரியநாயக்கன்பாளையம் கடைவீதி முழுக்க ஆரன் அடித்துக்கொண்டு வந்த வண்டியில் இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டில் நிதானமாக இருந்தது சேவலின் தலைதான்.

வண்டி ஓட்டிவந்தவர் என் நங்கையாவின் வீட்டுக்காரர். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். சொந்தத்தில் யார் எது வாங்கினாலும், மோட்டாரோ மாடோ மாப்பிள்ளையோ, அவர் பார்த்துத் தலையாட்ட வேண்டும். எப்படி அந்தப் பதவிக்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. சத்தமாகப் பேசினார், மற்றவர்கள் வழிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

என்னிடம் அப்போது ஒன்பது பொட்டைக்கோழிகள் இருந்தன. இருந்த ஒரே சேவலைத் தெருநாய் தூக்கிப் போய்விட்டது. சேவல் இல்லாவிட்டாலும் கோழி முட்டை வைக்கும், ஆனால் அதில் குஞ்சு வராது. எனக்குக் குஞ்சு வேண்டியிருந்தது. அதுவும் அவற்றில் ஒன்றான புள்ளிக்கோழியின் குஞ்சு. மற்றவை அடையில் உட்கார்ந்தால் இரண்டாம் நாளே எழுந்து ஊர் சுற்றப் போய்விடும். இது இருபத்தோரு நாளும் அசையாது. அதற்கு வயதாகிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் ஈடு, அடைக்கு ஒரு தடவைக்கான முட்டை, வைத்தால் பெரிது. அதற்குள் ஒரு நல்ல சேவல் வந்தாக வேண்டும். என் கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் வழக்கம்போல அக்கா வீட்டுக்காரரான மச்சானிடம் சொன்னார்.

மச்சானுக்குத் தெரிந்த சேவல் எல்லாம் கட்டுக்கு, அதாவது சண்டைக்கு, விடுகிற சேவல். வளர்பிறையில் எந்த நிறம் ஜெயிக்கும், தேய்பிறையில் எது ஓடும், காலில் செதில் எப்படி இருக்க வேண்டும், முள் எத்தனை விரற்கடை என்று மணிக்கணக்கில் பேசுவார். குடும்பம் நடத்த வேண்டிய சேவலையும் அதே கணக்கில்தான் பிடித்துவந்திருந்தார். பிறந்ததிலிருந்து தனியாகக் காலில் கயிறு கட்டி வளர்த்த சேவல் அது. இன்னொரு கோழியைக் கண்டால் அதற்குத் தெரிந்தது ஒரே வேலை.

“அண்ணா, ஒரு வாரம் பஞ்சாரக் கூடையில கவுத்து வெச்சுப் போட்டு, அப்பறம் உடலாமுங்களா? ஒண்ணையொண்ணு பாத்துப் பழகட்டுமுங்க,” என்றேன். அவரிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

“ஏனுங் அம்மணி, வெத்தலை பாக்கு மாத்தி, சீரு வெச்சு, அப்பறமாத்தான் சேத்தி வெக்கோணுங்களா?” என்று கேட்டுவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். என் கணவரும் சிரித்தார். எங்கள் ஊரில் ஒருவரை மட்டம் தட்டுவதற்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். அதனால் அடி பட்டது வெளியே தெரியாது.

பட்டப்பகலில், கோழிகள் கம்பு பொறுக்கிக்கொண்டிருந்த இடத்தில், சாக்கை அப்படியே கவிழ்த்தார். எட்டுக் கோழிகள் முருங்கை மரத்துக்கும் ஓட்டு மேலுக்கும் பறந்துவிட்டன. புள்ளிக்கோழியின் கனத்த உடம்பு எழும்பவில்லை. நான் கூடையை எடுத்துக்கொண்டு ஓடிச் சேவலை மூடுவதற்குள் கோழியின் பின்தலைத் தோல் கிழிந்து, இடது கண் போய்விட்டது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினேன்.

அவர் அருகில் வந்து குனிந்து பார்த்தார். “சாவல் மேல குத்தமில்லீங்க. பொட்டைக்குத் தெம்பு பத்தலை,” என்றார். காப்பியைக் குடித்துவிட்டுச் சேவலைச் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் எனக்கு இந்த ஒரு வரிதான் கேட்கும்.

புள்ளிக்கோழி முட்டை வைப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பருவம் அப்படியே போனது.

அடுத்த சேவலை நானே தேடினேன். நான்கு வீட்டுக் கொல்லைகளில் போய் நின்று, நிறத்தையும் முள்ளையும் பார்க்காமல், ஒரு கைப்பிடி சோளத்தை வீசிப் பார்த்தேன். மூன்று சேவல்கள் தாங்களே முதலில் கொத்தின. நாலாவது வீட்டில், வால் பாதி உதிர்ந்து பார்க்கச் சகிக்காத ஒன்று, சோளத்தை அலகில் எடுப்பதும் கீழே போடுவதுமாகக் கொக்கொக்கென்று பொட்டைகளைக் கூப்பிட்டது. அவை வந்து தின்னும்வரை நின்றது. அதைக் கேட்டு வாங்கிவந்தேன். எட்டு நாள் பஞ்சாரத்தில் வைத்து, சுற்றிலும் தீவனம் போட்டேன். ஒன்பதாம் நாள் பஞ்சாரத்தைத் தூக்கினேன். சின்ன இறகு ஒன்றுகூட உதிரவில்லை.

இரண்டு மாதம் கழித்து புள்ளிக்கோழி மறுபடி முட்டை வைத்தது. ஏழே முட்டை. ஒற்றைக் கண்ணை வாசல் பக்கம் வைத்தபடி அடைகாத்தது. ஐந்து பொரித்தன.

குஞ்சுகள் ஓடியாடத் தொடங்கியபோது நங்கையா வீட்டுக்காரர், சொந்தக்காரர்கள் இரண்டு பேரோடு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். “பாத்தீங்களா? நான் புடிச்சாந்த சாவலோட வம்சமுங்க. நடையப் பாருங்க,” என்று அவர்களிடம் காட்டினார். அவர்களும் தலையாட்டினார்கள். என் கணவர் தரையைப் பார்த்தார்.

நான் கல்யாண வீட்டில்கூடத் தூண் மறைவில் உட்காருகிறவள். அன்று எப்படி வாய் திறந்தது என்று இன்றும் தெரியவில்லை.

“இல்லீங்ணா. உங்க சாவலு குடுத்துட்டுப் போனது அந்தக் குருட்டுக் கண்ணு மட்டுந்தானுங்க. குஞ்சு வேற சாவலோடதுங்க.”

வந்தவர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது. நான் உள்ளே போய்க் காப்பி வைத்தேன். டம்ளர்களில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அண்ணா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “ஆவுட்டுங்க அம்மணி, வாரேன்,” என்று கிளம்பினார்.

இப்போதும் எல்லா வீட்டிலும் அவர்தான் பார்த்துத் தலையாட்டுகிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் முன் அறையோடு சரி. கொல்லைப் பக்கம் வருவதில்லை.