அணிய மறுத்தார்

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பி.காம். முடித்த கையோடு கிடைத்த வேலை. குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து, எழுத்துகளைப் படிக்கும் மென்பொருளில் போட்டு, கணினியில் திருத்தக்கூடிய ஃபைலாக மாற்றித் தர வேண்டும். 'திருத்தக்கூடிய' என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளிநாட்டில் ஆர்டர் கொடுப்பவர்கள் ஆய்வுக்கு வரப்போகிறார்கள் என்று சொல்லி, பணியாளர் பிரிவு அதிகாரி ஒரு நாள் நான்கு தடித்த நோட்டுகளை என் மேஜையில் வைத்தார். முதலுதவி அறையின் பதிவேடுகள். யாருக்கு என்ன காயம், எப்படி ஆனது, என்ன மருந்து போட்டது என்று கம்பெனி நர்ஸ் தன் கைப்பட எழுதியவை.

"பி.டி.எஃப். வேணாம்மா. வேர்டு ஃபைலா குடு, மீதிய நாங்க பார்த்துக்குறோம்" என்றார்.

நர்ஸின் எழுத்து அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் மென்பொருள் தடுமாறியது. 'பசை பட்டு' என்பதைப் 'பகை பட்டு' என்று படித்தது. 'விரல்' 'விால்' ஆனது. தோலில் வந்த கொப்புளம் தோளுக்கு ஏறியது. ஒரு பக்கம் ஸ்கேன், ஒரு பக்கம் ஃபைல் என்று வைத்துக்கொண்டு மூன்று வாரம் வரி வரியாகச் சரிபார்த்தேன். பசை ஒட்டும் பிரிவுப் பெண்களின் பதிவுகளில் 'கையுறை இல்லை' என்று திரும்பத் திரும்ப வந்தது. மென்பொருள் அதைக் 'கையுரை' என்று படிக்கும். நான் ஒவ்வொரு தடவையும் அந்த ரகரத்தை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அந்த நோட்டு வேலை முடிந்து ஒரு மாதம் இருக்கும். பசைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்கா தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். அன்று மாலை என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல முன்சீட்டுக்குப் போய்விட்டார். நான் எழுந்து போனேன்.

"இன்னாக்கா, கோவமா?"

"அந்த நோட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனது நீதானே?"

"ஆமாக்கா."

"வேற செக்‌ஷன் குடுங்க, கை எரியுதுன்னு ஆபீசர்கிட்ட போய் கேட்டேன். பேப்பர எடுத்து காட்டுறாரு. கையுறை குடுத்தாங்களாம், நான் போட மாட்டேன்னு சொன்னேனாம். எத்தினி தபா கேட்டேன் தெரியுமா? கேட்டு கேட்டு பேஜாராயி விட்டுட்டேன். எம்மேலயே பழிய எழுதி வச்சிருக்கியே!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, அதிகாரி இறுதியாகச் சேமித்திருந்த ஃபைலைத் திறந்து ஸ்கேனோடு ஒப்பிட்டேன். நர்ஸ் எழுதிய 'கையுறை இல்லை', ஃபைலில் 'கையுறை அணிய மறுத்தார்' என்று இருந்தது. அந்த அக்காவின் பதிவில் மட்டுமல்ல, எல்லாப் பதிவிலும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றுகிற சிரமத்தைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தேடி மாற்றும் வசதியில் ஒரே அழுத்து. எப்படித் தெரிந்தது என்றால், நர்ஸ் ஓரிடத்தில் 'முதலுதவி அறையில் கையுறை இல்லை, வாங்கித் தரவும்' என்று எழுதியிருந்தார். அது இப்போது 'முதலுதவி அறையில் கையுறை அணிய மறுத்தார், வாங்கித் தரவும்' என்று நின்றது.

நேரே அதிகாரியிடம் போனேன். "நோட்டுல இப்படி இல்லையே சார்."

அவர் தலையைத் தூக்கவே இல்லை. "சாஃப்ட்வேர் தப்பா படிக்கும்னு நீதானம்மா சொன்ன?"

"அது 'ச'வ 'க'ன்னு படிக்கும் சார். 'அணிய மறுத்தார்'னு சொந்தமா எழுதுமா?"

"கன்வெர்ட் பண்றதோட உன் வேல முடிஞ்சிபோச்சு. போம்மா."

"நோட்டெல்லாம் எங்க சார்?"

"குடோன்ல."

வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். மூன்று வாரம் கண் எரிய எரிய நான் பார்த்த வேலையை, ஒரு பெண்ணின் மீது பொய் சொல்ல எடுத்துக்கொண்டார்கள். அதுவும் என் கையால் செய்ததுபோல. தப்பென்று பிடிபட்டால் மென்பொருளைக் கைகாட்டத் தயாராகவும் இருந்தார்கள்.

ஸ்கேன் பக்கங்களையும் ஃபைல் பக்கங்களையும் அச்செடுத்து நர்ஸிடம் கொண்டுபோனேன். ஆய்வுக்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தார். "ரூமு கையுறை போட மாட்டேன்னு சொல்லிச்சாமா?" என்று சிரித்தார். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியே எழுந்து அதிகாரியின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

"இதுல என் கையெழுத்து விழாது சார். என் நோட்டு இன்னிக்கே என் ரூமுக்கு வரணும். வர்றவங்ககிட்ட நான் அதத்தான் காட்டுவேன்."

அலுவலகம் முழுவதும் தட்டச்சு நின்றது. சாயங்காலத்துக்குள் நான்கு நோட்டுகளும் திரும்பி வந்துவிட்டன.

ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் படித்து என்ன எழுதிக்கொண்டார்களோ, தெரியாது. அடுத்த வாரம் பசைப் பிரிவுக்குப் பெட்டி பெட்டியாகக் கையுறை வந்தது. எல்லாம் ஆண்கள் அளவு. அக்காவைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள்.

பஸ்ஸில் அவரிடம் ஸ்கேன் பக்கத்தைக் கொடுத்தேன். விரல் வைத்துப் படித்தார். "உன்ன திட்டிட்டேன், மனசுல வச்சிக்காத" என்றார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். அத்தினி தபா இல்ல, இல்லன்னு படிச்சியே. ஒரு தபாவாச்சும் இன்னாடா இதுன்னு தோணலியா உனக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மேலேயே எனக்கு வந்த அந்தக் கோபத்தை மட்டும் என்னால் வேறு யார் மேலும் போட முடியவில்லை.

என் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. அந்த அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராணிப்பேட்டையில் இன்னும் பெரிய கம்பெனியில் இருக்கிறார். வருடா வருடம் கரும்பும் பானையும் போட்ட பொங்கல் வாழ்த்துப் படம் அனுப்புகிறார். இந்த வருடமும் வந்தது. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.