மாயாதேவி அக்காவின் வெள்ளைத் துணிகள்

அன்று காலை ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் வண்டி நம் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டலில் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்தபோது, நம் ரயில் பெட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மாயாதேவி அக்காவின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நான் அதைக் கேட்கவில்லை. உங்களில் பலரும் உடனே கேட்டிருக்க மாட்டீர்கள். அக்கா பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்துக்குக் குறையாது. குப்பை லாரி, தேர்தல், குடிநீர், உலகம் சூடாவது எல்லாம் அதில் இருக்கும். மூன்று வாரமாக வண்டிக்கு வராதவர் உடம்பு தேறி மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று உள்ளூர மகிழ்ந்து கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாலூரில் கூட்டம் ஏறிய பிறகுதான் காதில் வைத்துக் கேட்டேன். பேசியது அக்கா இல்லை, அவர் மகள் சுஜாதா. "அம்மா விடிகாலைல தவறிட்டாங்க. ஸ்கெலட்டன் தெரு வூட்லதான் கீறாங்க. சாயந்தரம் எடுக்கிறோம். எல்லாரும் வாங்க." அவ்வளவுதான். அந்த எண்ணிலிருந்து வந்த பதிவுகளிலேயே மிகச் சிறியது அது. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க நடைமேடையில் ஊருக்குத் திரும்பும் வண்டிக்காக நின்றபோது, அதற்கு முன்பு அவர் அனுப்பி நான் கேட்காமல் விட்ட பதிவுகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு இருந்தன. இன்னும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அவரைப் பற்றி எழுதும்படி நம் பெட்டிக்காரர்கள் என்னிடம் சொன்னார்கள். அதற்கு நான் தகுதியானவன்தானா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சோதித்து அனுப்பும் வேலை அக்காவுக்கு. நான் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வண்டி, ஒரே பெட்டி. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எந்தக் கட்சியிலும் இல்லை, எந்தச் சங்கத்திலும் பதவி இல்லை. பேப்பரைப் புரட்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், பெரும்பாலும் என்னிடம், "இன்னா சேகரு, இதப் படிச்சியா?" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு பேப்பர் நமக்குத் திரும்பக் கிடைக்காது.

தேர்தல் வந்தால் பெட்டியே களைகட்டும். எந்த வேட்பாளர் வந்தாலும் மூடிக் கிடக்கும் சுரங்கத்தைத் திறப்பேன் என்றுதான் சொல்வார். அக்கா ஒருமுறை சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "மைன் தொறப்பேன்னு சொல்றவனுக்குக் கை தட்டாதீங்க. தண்ணி உடுவேன்னு சொல்றவனையும் சும்மா உடாதீங்க. எந்தக் கொயாயில, எந்தக் கெயமைலன்னு கேளுங்க." அப்படியே கேட்கவும் செய்தார். வேட்பாளர் ஸ்கெலட்டன் தெருவுக்கு வந்தபோது கையில் நாட்காட்டியோடு போய் நின்றார். வேட்பாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா நாட்காட்டியை வீட்டில் மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மொழிச் சண்டை சூடாக இருந்த ஒரு வாரம். நாம் தமிழில் உரக்கப் பேசிக்கொண்டு வந்ததற்கு ஒரு கன்னட இளைஞர் கோபப்பட்டார். நம்மில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். அக்கா அவர்களை உட்கார வைத்துவிட்டு, அந்த இளைஞரோடு கன்னடத்தில் பேசி, தன் பக்கத்தில் இடமும் கொடுத்தார். பிறகு நம் பக்கம் திரும்பினார். "அவன் கேட்டது கரெக்டுதான், நம்ப சத்தம் அப்பிடி. பாஷைக்கு சண்ட போடறவங்க ரெண்டு பாஷைலயும் தண்ணி கேட்டுப் பாக்கட்டும். எதுல வருதோ அதுல நானும் பேசறேன்." அந்த இளைஞருக்குத் தமிழ் புரிந்தது என்பது அவர் சிரித்தபோதுதான் நமக்குத் தெரிந்தது.

பெங்களூர்க் குப்பையை நம் பழைய சுரங்கக் குழிகளில் கொட்டலாம் என்று பேச்சு வந்த நாட்களில் அவர் கொதித்த கொதிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். "அவங்க குப்பைய ஏத்திகினு வர லாரி கீது. நமக்குத் தண்ணி ஏத்திகினு வர மட்டும் லாரி இல்லியா?" உலகம் சூடாகிறது என்ற செய்தியைப் படித்தால், "எங்கப்பா கீய நூறாவது லெவல்லயே இதப் பாத்துட்டாரு, யாரும் கேக்கல" என்பார். சிரிக்காமல் சொல்வார். சிரிப்பு நம்முடையது.

அவர் அப்பா முதலில் சுரங்கத்தின் கீழே வேலை பார்த்து, பிறகு ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். அந்த ஷிப்ட் புத்தகத்தில் இறங்கினவரும் கையெழுத்துப் போட வேண்டும், பார்த்தவரும் போட வேண்டும். அக்காவின் காரியங்களெல்லாம் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவைதான். "ஒருத்தர் சொன்னா பேச்சு. ரெண்டு பேர் கையெயுத்து போட்டா சாட்சி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

இனி அந்தத் துணிகளுக்கு வருகிறேன். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண், மலை மலையாக நம் ஊரைச் சுற்றி நிற்கிறது. சயனைடு மேடு என்கிறோம். காற்றுக் காலத்தில் அந்தப் புழுதி எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றுப் பானைக்கு இரண்டு மூடி போடுகிறோம், துவைத்த துணியை வீட்டுக்குள் காயப் போடுகிறோம். அக்கா மட்டும் வெளியே ஒரு துணியைக் காயப் போட ஆரம்பித்தார். கம்பெனியில் வெட்டிக் கழித்த வெள்ளைத் துண்டு, கைக்குட்டை அளவு. மேட்டைப் பார்த்த கொடியில் ஒரு வாரம் தொங்கும். மாட்டிய தேதியையும் எடுத்த தேதியையும் ஓரத்தில் பேனாவால் எழுதி, தானும் கையெழுத்திட்டு, பார்த்த ஒருவரிடமும் வாங்குவார். பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பொன்னி போடுவாள். இரண்டு காற்றுக் காலம் அப்படிச் சேர்த்தார். ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு சாம்பல் நிறம்.

என்னிடமும் பலமுறை கேட்டார். நான் போடவில்லை. மேட்டு மண்ணை மறுபடி அலசி மிச்சத் தங்கத்தை எடுக்கப் போகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. என் மகன் வினோத் ஐடிஐ முடித்து வீட்டில் இருந்தான். வேலை உள்ளூரில் வரும் என்று நம்பினேன். அக்கா அந்த வேலையை எதிர்க்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். "மண்ண எடுக்கட்டும், நம்ப புள்ளிங்களுக்கு வேலையும் குடுக்கட்டும். மூடி எடுக்கட்டும், தண்ணி தெளிச்சி எடுக்கட்டும். அத மொதல்ல எயுதிக் குடுக்கட்டும்." இவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்குக்கூட என் பெயர் எதிலும் இருந்துவிடக் கூடாது என்று ஒதுங்கினேன். "பேனா எழுதலக்கா", "கண்ணாடி எடுத்துகினு வரலக்கா" என்று ஏதாவது சொல்வேன். அவர் வற்புறுத்த மாட்டார்.

நம் ஊர் நந்திதுர்க் பகுதியில் இந்த மேட்டு வேலை பற்றி மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு அக்காவுக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, துணி மூட்டையை என்னிடம் கொடுத்தார். "வேற யாருகிட்ட குடுக்கறது சேகரு, பத்திரம்."

நம் ஊர்க்காரர்களின் சுபாவம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் எவ்வளவு புழுதி இருந்தாலும், ரயில் ஏறும்போது தேய்த்த சட்டைதான். பங்காருப்பேட்டை வருவதற்குள் செருப்பைத் துடைத்துவிடுவோம். புழுதி ஊரிலிருந்து வருகிறவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் மனைவி வசந்தாவும் அப்படித்தான். மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது, அக்காவின் துணிகள் அத்தனையும் சோப்புப் போட்டு, நீலம் போட்டு, வீட்டுக்குள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"பெரிய ஆபீசருங்க முன்னாடி அழுக்குத் துணியவா பிரிக்கறது? மாயாக்காவுக்கு இன்னா மரியாத கீது?" என்றாள் வசந்தா. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தத் துணி எதற்கு என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை.

உடனே அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம். இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நான் போன் செய்யவில்லை. அந்தத் துணிகளைப் பார்த்தபோது எனக்குப் பதற்றம் வந்தது, அதற்குள்ளேயே ஒரு நிம்மதியும் வந்தது. இனி கூட்டத்தில் யாரும் யாரையும் பகைக்க வேண்டியதில்லை, வினோத்துக்கு வேலை வரும் என்று நினைத்தேன். வசந்தா அவற்றைத் தேய்த்து மடிக்கும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மூட்டையை அக்காவின் கையில் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

அவர் முறை வந்ததும் மேடைக்குப் போய் முடிச்சை அவிழ்த்தார். எல்லாம் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. ஓரத்துத் தேதிகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"ஐயா, இதுல புயுதி இருந்தது. இப்ப இல்ல. எங்க ஊர்ல யாரோ நல்ல மனசோட தொவைச்சிட்டாங்க. நாங்க இப்பிடித்தான். எங்க அம்மா தொவைச்சாங்க, நான் தொவைக்கிறேன், எம் பொண்ணு தொவைக்கிறா. நீங்க வர்ற அன்னிக்கு எல்லாம் வெள்ளையா இருக்கும். அதனால இங்க புயுதியே இல்லன்னு எயுதிகினு போயிடறீங்க. இதையும் எயுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. அடுத்தவரைப் பேச அழைத்தார்கள்.

திங்கட்கிழமை வண்டியில் நான் வேறு பெட்டியில் ஏறப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "வசந்தா நல்லா தேச்சிருந்தா. ஒரு சுருக்கம் இல்ல" என்றார். அவ்வளவுதான். நான் தெரிந்தே சும்மா இருந்தது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாரமே மறுபடி முதலிலிருந்து ஒரு துணியைக் கொடியில் மாட்டினார்.

மேட்டு வேலை இன்னும் பேச்சாகவே இருக்கிறது. வினோத் இப்போது என்னோடு அதே வண்டியில் பெங்களூருக்கு வருகிறான்.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். எதனால் என்று சொல்லவில்லை. மேட்டுப் புழுதிதான் காரணம் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அக்கா அப்படி எழுத விடமாட்டார். ஆஸ்பத்திரியில் நான் அதைச் சொன்னபோது முகக்கவசத்தை விலக்கிவிட்டுத் திட்டினார். "தெரியாதத சொன்னேன்னா, தெரிஞ்சதையும் எவனும் நம்ப மாட்டான். துணிய காட்டு. அது போதும்."

அவர் தவறிய அன்று சாயந்தரம் ஸ்கெலட்டனில் நம் பெட்டிக்காரர்கள் நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். அவர் வீட்டுப் பௌத்த வழக்கப்படி பஞ்சசீலம் சொல்லி எடுத்துப் போனோம். மறுநாள் நான் தனியாகப் போனபோது வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாய், தலையணை உறை, புடவைகள் எல்லாம் துவைக்கக் குவித்திருந்தன. கொடியில் ஒரு துணி மட்டும் அப்படியே தொங்கியது. பொன்னி அதை எடுக்கக் கை நீட்டினாள். "அத உடுக்கா" என்று சுஜாதா தடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு அம்மா மாட்னது மாமா. நான் எடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம், இதுக்கு சேகரு வந்து போடட்டும்னு சொன்னாங்க."

துணியின் ஓரத்தில் மாட்டிய தேதியும் அக்காவின் கையெழுத்தும் இருந்தன. கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். மூன்று வாரப் புழுதியில் துணி சிமெண்ட் நிறமாகியிருந்தது. பேனா எழுதியது, கண்ணாடியும் போட்டிருந்தேன். எடுத்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சுஜாதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துணிதான். சுஜாதாவின் அனுமதியோடு எடுத்து வந்து பீரோவில் வைத்திருக்கிறேன். வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பழைய வெள்ளைப் புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, தேதி எழுதி, எங்கள் வீட்டு வாசலில் மேட்டைப் பார்த்துக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அதை இறக்க வேண்டும். ஒரே வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் சாட்சி ஆகாது. கோரமண்டலில் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது லைன் வீட்டு வரிசையில் எங்கள் வீடு. யாராவது வாங்க, பேனா வைத்திருக்கிறேன்.