செவ்வாய்க்கிழமைத் தலை

தன் கை படாமல் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் கோயில் படியேறிய மணப்பெண் எவளாவது இருந்தால் கூட்டிவாருங்கள் என்று மரியகொறற்றி யாரிடமும் சவால் விடுவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். யாரோ ஒருத்தியின் சலூனில் வெட்டி விழுந்த முடியைக் கூட்டத் தொடங்கி, அதே தெருவில் சொந்தப் பெயரில் பலகை மாட்டியவர். "சேர்ட்டிபிக்கற் சுவரில தொங்கட்டும். என்ர கொண்டை விடியவிடிய ஆடினாலும் அசையாது" என்பார்.

அப்படிப்பட்டவர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தன் தலையை மற்றவர்களிடம் கொடுத்துவிடுவார். இந்துக்கள் செவ்வாயில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், மற்றவர்களும் வேலைநாளில் வைப்பது குறைவு. ஆகவே மணப்பெண் அலங்காரம் செய்யும் பெண்களுக்கு அன்று ஓய்வு. வத்தளையிலிருந்து டில்ஷானி, தெமட்டகொடையிலிருந்து லுத்பியா, வெள்ளவத்தையிலிருந்து கௌரி என்று ஏழெட்டுப் பேர் அவருடைய சலூனில் கூடி ஒருவரிடம் ஒருவர் தொழில் பழகுவார்கள். கதவைச் சாத்தி, கண்ணாடியைத் துவாயால் மூடி, ஒருத்தியை நாற்காலியில் இருத்தி, முறைவைத்துக் கொண்டை கட்டுவார்கள். முடிவில், நாற்காலியில் இருந்தவள் சொல்லவேண்டும்: எந்தக் கை இழுத்தது, எந்தக் கொண்டை ஊசி குத்தியது. கல்யாணப் பெண் அதைச் சொல்லமாட்டாள். வலியோடு நாள் முழுக்கப் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் இந்த ஏற்பாடு.

நாற்காலியில் இருப்பது பெரும்பாலும் மரியகொறற்றிதான். அறுபது கடந்தும் இடுப்புக்குக் கீழே விழும் கூந்தல். அதற்கும் பெருமை பேசாமல் விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டே கை யாருடையது என்று சொல்லிவிடுவார். லுத்பியாவின் விரல்கள் எப்போதும் குளிர்ந்திருக்கும். டில்ஷானி சீப்பு வைக்குமுன் காது மடலை ஒருமுறை ஒதுக்குவாள். கௌரியுடையது முரட்டுக் கை.

"பிள்ளை, நீ கொண்டையைக் கட்டுறியா, ஹாபர்ல கப்பலைக் கட்டுறியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். கௌரியும் சிரிப்பாள். ஊரார் தலைகளுக்குப் பின்னால் நின்றே வயது போன மனுஷிக்கு, தன் தலைக்குப் பின்னால் யாராவது நிற்பது அந்த ஒரு நாளில்தான்.

கொரோனா ஊரடங்கில் கூட்டம் சூமுக்குப் போனது. ஊரடங்கு முடிந்தது. பிறகு நாட்டில் பெற்றோல் இல்லை. பெற்றோலும் வந்தது. அதற்குள், "வீட்டில இருந்தே வசதிதானே அக்கா" என்றாகிவிட்டது. வசதிதான், பொய் சொல்லக்கூடாது. மட்டக்களப்பிலிருந்தும் கனடாவிலிருந்தும்கூடப் புதியவர்கள் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு பொம்மைத் தலை வாங்கினார்கள். பொம்மைத் தலைக்கு எதுவும் குத்தாது. மரியகொறற்றியும் ஒன்று வாங்கினார், எல்லாருடையதையும்விட விலை கூடியதாக.

பழையபடி இங்கேயே கூடுவோம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். கேட்டால் கீழிறங்கிப் போவோமோ என்று விழுங்கிவிடுவார். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாத வாய் அது.

போன பங்குனிக் கூட்டத்தில் செய்து காட்டுவது அவருடைய முறை. கைபேசியைக் கண்ணாடியோடு சாய்த்து வைத்தார். பழக்க தோஷம், பொம்மையை எடுக்க மறந்துபோனார். நாற்காலியைத் திருப்பி, கைபேசிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து விட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.



"அக்கா," என்றாள் டில்ஷானி மெதுவாக, "ஆர் கட்டுறது?"

மரியகொறற்றிக்கு முகம் சுட்டது. நல்லகாலம், அவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது.

"கூந்தல் எண்டா என்னெண்டு கனடாப் பிள்ளையளுக்குக் காட்டினனான்."

சிரிப்பு எழுந்தது. கௌரியின் சிரிப்பு மட்டும் அதில் கேட்கவில்லை.

அடுத்த வாரச் செவ்வாய், கூட்டம் இல்லாத நாள், கௌரி சலூன் வாசலில் வந்து நின்றாள். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த வியர்வை கழுத்தில் வழிந்தது.

"இந்தப் பக்கம் ஒரு அலுவல், அக்கா. எட்டிப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்."

"அலுவலுக்கு ஊசிப் பெட்டியோடயே வந்தனீ?"

கௌரி கதவைச் சாத்தினாள். துவாயை எடுத்துக் கண்ணாடியின்மேல் போட்டாள்.

மரியகொறற்றி உட்கார்ந்தார். சீப்பு உச்சியிலிருந்து பிடரிக்கு இறங்கியது. பிறகு விரல்கள். கண்ணை மூடியிருந்தவருக்கு ஒரு கணம் இது யாருடைய கை என்றே பிடிபடவில்லை. இழுவை இல்லை. ஊசி ஒவ்வொன்றும் இருக்கிற இடம் தெரியாமல் போய் உட்கார்ந்தது. இவள் எப்போது பழகினாள்? தன் தலை இல்லாமலே, ஏதோ ஒரு செவ்வாயில் பழகியிருக்கிறாள்.

"முடிஞ்சுது அக்கா. சொல்லுங்கோ," என்று கௌரி துவாயை எடுக்கக் கை நீட்டினாள்.

மரியகொறற்றி கொண்டையைத் தடவிப் பார்த்தார். அவரே கட்டியிருந்தாலும் அதைவிடத் திறமாகக் கட்டியிருக்க முடியாது.

"பிழை," என்றார்.

"எவ்விடத்தில அக்கா?"

"எல்லா இடமும்தான். அவிட்டுப்போட்டுத் திரும்பக் கட்டு."

கௌரி நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு ஊசியாக, அவசரமில்லாமல், கழற்றத் தொடங்கினாள்.