தேதி அழிந்த கல்

லூசியா செய்து விற்கும் செங்கல்லில் ரத்தம் வடிகிறதாம். கலேவெல பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தன் மச்சான் சொன்னதாகச் சொன்னதை மேசன் ஸஹாப்தீன் பாஸ் காதில் வாங்கிக்கொண்டு, பலாபத்வலயில் இறங்கியதும் நேராக அவள் கொட்டகைக்கு வந்தார்.

"எண்பத்து மூணு கலவரத்துல எரிஞ்ச கடைகள்ட கல்லைத்தானே இடிச்சிப் போடுறீங்க. மழை பெஞ்சா அந்த ஆக்கள்ட ரத்தம் வருதாம், அக்கா."

"அப்போ ஒங்க சாந்துக் கரண்டியிலயும் ரத்தம் இருக்கணுமே, பாஸ். ஆறு வருஷமா இந்தக் கல்லைத்தானே கட்டுறீங்க."

ஸஹாப்தீன் சிரித்தார். லூசியாவும் சிரித்தாள்.

கதையில் ஒரு நூலளவு உண்மை இருந்தது. மாத்தளை டவுனில் அவள் புருஷன் கபிரியேலின் தேத்தண்ணிக் கடை எரிந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. இடிபாடு அள்ள ஆள் கேட்டார்கள். நாள் கூலிக்குப் போய், தன் அடுப்படிக் கல்லையே சுத்தியலால் தட்டிச் சாந்து உரித்து அடுக்கினாள். முழுக்கல் விலைபோனது. உடைந்ததைப் பள்ளத்தில் கொட்டினார்கள். அந்தக் குவியல் அவள் மனதை விட்டுப் போகவேயில்லை. கபிரியேல் இறந்த பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சியில் கல் அழுத்தும் கைமெஷின் கிடைத்தது. ரோட்டை அகலமாக்க இடித்த சுவர்களை வாங்கினாள். நொறுக்கினாள், சலித்தாள், சுண்ணாம்போடு கொஞ்சமாய்ச் சீமெந்து கலந்து அழுத்தினாள். சூளையில்லை, விறகில்லை, புகையில்லை. நெருப்பின் வேலையை நாட்கள்தான் செய்ய வேண்டும்: நிழலில், ஈரச் சாக்குக்குக் கீழே இருபத்தெட்டு நாள். ஒவ்வொரு அடுக்கின் மேல் கல்லிலும் தேதி எழுதுவாள். தேதி பார்க்காமல் ஸஹாப்தீன் கல் எடுக்கமாட்டார்.

"யாரு வீட்டுச் சுவராம்?"

"கைறுன்னிஸாட பின் அறை. நான் கட்டினதுதான். சும்மா கதை, விடுங்க."

லூசியாவின் சிரிப்பு நின்றது.

கைறுன்னிஸா கலேவெலயில் மரக்கறி விற்பவள். புருஷன் இல்லை, இரண்டு மகள்மார். நோன்புக்கு முன் அறை முடியவேண்டும் என்று ஆகஸ்டில் லொறியோடு வந்தாள். இறுகிய கல்லில் முந்நூறு குறைந்தது. பின்னால் இருந்த அடுக்கைக் காட்டினாள்.

"அதுக்குப் பத்து நாள்தான் ஆச்சு," என்று லூசியா சொல்லிப் பார்த்தாள்.

"செக் பொயின்ட்டுல லொறியில உள்ளதெல்லாம் எறக்கச் சொல்றாங்க. இன்னொரு தரம் எந்த ட்ரைவர் வருவான், லூசியா?"

யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. லூசியா இரங்கிவிட்டாள். இரங்கியது மட்டுமில்லை, கட்டும் இடத்தில் ஸஹாப்தீனின் கண்ணில் படாமல் மற்றக் கல்லோடு சேர்ந்துபோக ஈரக் கையால் தேதியைத் துடைத்ததும் அவள்தான்.

இரண்டு மாதம் கழித்து, இப்போது ஒக்டோபர் மழை. இறுகாத கல்லிலிருந்து செங்கல் தூள் கரைந்தால் சிவப்பாகத்தான் வடியும். ஊர் அதை ரத்தம் என்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டால் பழி பேய்க்குப் போகும்.

"பாஸ், அதுல முந்நூறு கல் பத்து நாள் கல்லு. தேதியை நான்தான் அழிச்சேன்."

ஸஹாப்தீன் பக்கத்து அடுக்கின் மேல் கல்லில் இருந்த தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.

"சுவர்ல ஏறின பொறகு இறுகியிருக்காதா?"

"வெயில்ல காஞ்சிருக்கும். ஈரம் இருந்தாத்தான் இறுகும். எந்த எடத்துல வச்சீங்க?"

"கடைசியா ஏத்தினதுதானே முதல்ல எறங்கும்." அவர் குரல் இறங்கியது. "அடி வரிசை, அக்கா. மேல கூரை ஓட்டுப் பாரம் முழுக்க நிக்கிது."

"பிள்ளைங்க அங்கதான் படுக்குதா?"

"அதுக்குத்தானே கட்டினது."

"போனைத் தாங்க."

கைறுன்னிஸாவின் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தார். அவரே பேசுவதாகச் சொன்னதற்கு லூசியா தலையசைத்து மறுத்தாள். வடக்கே கலேவெலப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. பின் அறையில யாரும் இருக்காதீங்க, தப்பு என்னோடது. இந்த இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. சந்தை நாளாக இருக்கும், போன் பைக்குள் கிடக்கும் என்றார் ஸஹாப்தீன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தச் சொன்னாள். கொட்டகைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. லூசியா மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.