சாவியில் கட்டிய சீட்டு

வட்டக்கானல் விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தவர் அவர். காதை மூடிய மஃப்ளர், மை படிந்த விரல். விருந்தாளிக்குச் சேதி வந்தால் கூடத்தில் கூவமாட்டார். சீட்டில் எழுதி அவரவர் அறைச் சாவியில் கட்டிவிடுவார்.

டயல்-அப் காலத்தில் அந்த விடுதிக்கு நான் எழுதிய முன்பதிவுத் தளம், ஒருவருக்கான "அறை ரத்து" சேதியை இன்னொருவருக்குக் காட்டியது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

"சேதியெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்றார் மேசைக்காரர், என் புலம்பலைக் கேட்டுவிட்டு.

"எல்லாருக்கும் பொதுவா ஒரே இடத்துல."

"அப்ப மொதல்ல வர்றவுக எடுத்துட்டுப் போயிருவாகல்ல? அவுகவுக சாவியில கட்டுங்க சார்."

கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்! வயிறு எரிந்தது. அன்றே சேதிகளை அவரவர் லாகினோடு சேர்த்தேன், கோளாறு தீர்ந்தது.

முதலாளி என் மூளையை மெச்சினார். நான் வாய் திறக்கவில்லை. பக்கத்திலேயே சீட்டு எழுதிக்கொண்டிருந்த அவரும் திறக்கவில்லை. அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.