களை எடுக்காமல் விட்ட வட்டம்: சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் ஒரு நாள்

களை பிடுங்குவதே வேலையாக இருப்பவர்கள், காட்டு மரக்கன்றை மட்டும் எப்படி அடையாளம் கண்டு விட்டுவைக்கிறார்கள்? இந்தக் கேள்விதான் போன மே மாதக் கடைசியில் என்னைக் கேரளத்து இடுக்கி மலையிலிருக்கும் சாந்தன்பாறைக்கு இழுத்துப் போனது. அங்கே ஏலக்காய்த் தோட்டக்காரர்களோடு சேர்ந்து பழைய காட்டு மரங்களைக் காப்பாற்றும் சிறு குழு ஒன்றில் என் கல்லூரித் தோழி இருக்கிறாள். "நீயே வந்து பாரு, ரிசார்ட் எல்லாம் தேடாதே" என்றாள். தேடும் நிலையில் என் பர்ஸும் இல்லை.

மதுரை ஆரப்பாளையத்தில் மாலை நாலு மணி பஸ். போடி 90 கி.மீ., இரண்டரை மணி நேரம், 85 ரூபாய். பஸ் நிலையத்துக்கு அருகே லாட்ஜ் 600 ரூபாய். வெந்நீர் கேட்டால் சிரிக்கிறார்கள். மறுநாள் காலை 5.45க்கு, தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் ஜீப்பில் தோழி இடம் சொல்லி வைத்திருந்தாள். 150 ரூபாய். பதினோரு பெண்கள், பதினோரு தூக்குவாளிகள், நான். என் முழங்கால் எங்கே இருக்கிறது என்பதே போடிமெட்டு வரை தெரியவில்லை.

கூட்டத்துக்குத் தலைவி செல்வராணி அக்கா. ஐம்பது வயதிருக்கும். ஜீப் கிளம்பும்போது பக்கத்து ஜீப்பிலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்தார். அக்கா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாருக்கா அது?" என்றேன்.

"என் நாத்தனா பேச்சியம்மா. ஒரே தெருதான். ஒரு வருசமாப் பேச்சுவார்த்த இல்ல. மேல போனா ஏன்னு தெரியும், தங்கச்சி."

பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், பூப்பாறையில் ஒரு டீ, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். 7.30க்கு ஜெபமணி அண்ணனின் தோட்டத்தில் இறங்கினோம். அவர் அப்பா எஸ்டேட் தொழிலாளியாக இருந்து வாங்கிய மூன்று ஏக்கர். ஏலத்துக்கு நிழல் வேண்டும். அந்த நிழலைத் தருபவை காட்டு மரங்கள். இரண்டு வருடம் முன்பு காற்றில் ஒரு பெரிய வெள்ளகில் மரம் சாய்ந்து, பதினைந்து சென்ட் இடம் மொட்டையாகிவிட்டது. அங்கே நிழலுக்குப் பச்சை வலை கட்டியும் ஏலம் கருகி நின்றது.

அந்த இடத்தில் சில்வர் ஓக் நடலாம் என்பது அண்ணனின் எண்ணம். சீக்கிரம் வளரும், வேண்டும்போது வெட்டி விற்கலாம். காட்டு மரத்தைச் சட்டப்படி அப்படித் தொட முடியாது. தோழியின் குழு ஒரு சமரசம் பேசியிருந்தது: தானாக முளைக்கும் காட்டுக் கன்றுகளைக் களையெடுக்கும் பெண்கள் காப்பாற்ற வேண்டும். அந்த ஜூன் மழைக்குள் பத்துக் கன்றாவது முழங்கால் உயரம் வந்தால் சில்வர் ஓக் வேண்டாம். வராவிட்டால் நட்டுவிடுவார். நான் போன அன்றுதான் எண்ணும் நாள். ஷெட் ஓரத்தில் சில்வர் ஓக் கன்றுப் பைகள் வரிசையாகத் தயாராக இருந்தன.

எண்ணினோம். ஏழு.

ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஒரு முழத்துக்குக் களை அப்படியே விடப்பட்டிருந்தது. வேலையை அரைகுறையாக விட்டார்களோ என்று நினைத்தேன். அக்கா சிரித்தார். "அதுதான் அடையாளம். வெயிலும் படாது. இந்த இடத்துக்கு இப்ப எங்க ஜீப்பு ஆளுக மட்டுந்தான் வேலைக்கு வர்றோம். போன வருசம் செவப்புத் துணி கட்டுனோம், பதினாலு கன்னுக்கு. நாங்க வராத நாள்ல பேச்சியம்மா ஆளுக வந்து அம்புட்டையும் பிடுங்கிட்டாளுக."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அண்ணன் கண்ணை மூடி ஜெபம் செய்தார். வழக்கத்தைவிட நீளம் என்று அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "துணி கட்டியதை எதற்காகப் பிடுங்கினார்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஏலத்துக்கு ஒரு சீக்கு உண்டும்மா. எலையில வெளுத்த கோடு விழும், மருந்தே கெடையாது. அந்தச் செடியில செவப்புத் துணி கட்டி விடுவோம், பின்னால வர்ற ஆளு பிடுங்கி எரிக்கணும். அன்னைக்கு மேல் ஏக்கர்ல சீக்கு. துணி கட்டுனதெல்லாம் பிடுங்கிருங்கன்னு பேச்சியம்மாகிட்ட நாந்தான் சொன்னேன். இந்தத் துணி நெனப்பே வரல."

அக்கா தூக்குவாளியை மூடினார்.

"அவ மக வளைகாப்புக்கு நான் போகல, மொதலாளி" என்றார். "அவளும் சொன்னா, மொதலாளி சொல்லித்தான் செஞ்சேன்னு. பொய்யின்னுட்டேன்."

"தப்புதான், செல்வராணி. சொல்ல வாய் வரல."

எனக்கு அந்த மனிதர்மேல் கோபமாகத்தான் வந்தது. அக்கா கோபப்படவில்லை, பேரம் பேசினார். "பதினாலு கன்னு உங்க வாயால போச்சு. அதுக்கு இன்னொரு மழ குடுங்க. அடுத்த தடவ அவ ஜீப்பையும் கூட்டியாறேன். எது கன்னு, எது களைன்னு அவளுகளுக்கும் தெரியணும்."

அண்ணன் ஷெட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அந்தப் பைய ரோட்டோர வேலிக்கு வச்சுக்கிறேன்" என்றார்.

மாலை 5.15க்குப் போடி. ஜீப் அவர்கள் தெருவில் நின்றபோது அக்கா தன் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று வீடு தள்ளி ஒரு வாசலில் போய் நின்று, தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு, கதவைத் தட்டினார். திறந்ததா என்று பார்ப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

காட்டைக் காப்பாற்றுவது மரத்தைப் பற்றிய அறிவு என்றுதான் நினைத்துப் போனேன். அங்கே அதைவிடக் கடினமாக இருந்தது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்புவது.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டங்கள் சுற்றுலா இடம் அல்ல, முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அட்டைக் கடிக்கு உப்பு, குளிருக்கு ஸ்வெட்டர், மதியச் சாப்பாடு கையோடு. களை மண்டிய சிறு வட்டம் தெரிந்தால் சுற்றிப் போங்கள், உள்ளே ஒரு மரம் இருக்கிறது. காலை 5.45க்குப் போடியில் ஜீப்புகள் நிறைய நிற்கும், குழம்ப வேண்டாம். தோழி போன வாரம் போனில் சொன்ன அடையாளம் இது: முன் சீட்டில் ஒருவர் உட்காரும் இடத்தில் இரண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரு வருடப் பாக்கிப் பேச்சை ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் ஏறுங்கள்.