பாறைக்கு அளவாக நின்றவன்

என் மனைவி பஸ் ஓட்டுகிறவள். எங்கள் ஊர்ப் பாறையைச் சுற்றிவரும் வண்டி அவளுடையது. சும்மா பாறை இல்லை. வெட்டி நிறுத்திய சுவர்போல நெட்டுக்குத்தாக நிற்கும் கருங்கல். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்த நான் அதை நிமிர்ந்து பார்த்தது அவளைக் கட்டிக்கொண்ட பிறகுதான்.

நாளுக்கு ஆறு முறை சுற்றிவந்தும் அவளுக்கு அலுக்காது. விடுமுறை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி அங்கேதான் போவாள். ஆற்றுப் பாலம், மரக்கடைப் பின்புறம், பள்ளிக்கூட மொட்டைமாடி, ஒன்பதாம் நம்பர் நிறுத்தம் என்று ஏழு இடங்களைக் குறித்துவைத்திருக்கிறாள். வெயில், மழை, பனி என வருஷத்துக்கு மூன்று தரம் அதே ஏழு இடங்களிலிருந்து எடுப்பாள். வெயிலில் பாறை வெளுத்திருக்கும், மழையில் கன்னங்கரேல் என்று மின்னும். பனியில் பாதிப் பாறையைக் காணவே காணோம்.

“தெரியாத பாறையை எதுக்கு எடுக்கறே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரியலன்னா என்ன? அங்கதானே இருக்கு” என்றாள்.

பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் பாறையின் உயரம் விளங்கும் என்பது அவள் கட்சி. அந்த ஆள் நான். சாவிக் கடையைப் பூட்டிவிட்டுப் பத்து வருஷமாகப் போய் நின்றேன். முணுமுணுக்காமல் நின்றேன் என்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆல்பத்தைப் பார்த்த மாமியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார்.

“மாப்பிள்ளை எங்கம்மா?”

“அந்தப் புள்ளிதாம்மா.”

ஒன்பதாம் நம்பர் நிறுத்தத்தில் மட்டும் இடம் நெருக்கம். அங்கே நம்பர் பலகைக் கம்பத்தில் தோளை ஒட்டிக்கொண்டு நிற்பேன். படத்தில் சுண்டுவிரல் உயரத்துக்குத் தெரிவேன்.

ஒரு வருஷமாக எனக்கு இடுப்பில் வலி. சாவி அறுக்கும் மெஷின் முன்னால் குனிந்தே கிடப்பவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலத்தைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு வேப்பங்காய்.

போன மழைக்காலத்துப் படங்கள் வந்த அன்று, ஒன்பதாம் நிறுத்தத்தின் மூன்று வருஷத்து மழைப் படங்களை அவள் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். பிறகு மகளின் ஸ்கேலை எடுத்துவந்தாள்.

“இங்க வாங்க. இதுல உங்க தோள் கம்பத்தோட ஒட்டி இருக்கா?”

“இருக்கு.”

“இதுல?”

நூலளவு இடைவெளி. கடைசிப் படத்தில் அரிசி ஒன்று புகும் அளவு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, “நீ கேமராவைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கே” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கோபப்படவில்லை. ஸ்கேலைப் பாறை விளிம்பில் வைத்துக் காட்டினாள், பிறகு கம்பத்தில்.

“பாறை நேரா இருக்கு. கம்பம் நேரா இருக்கு. நீங்கதாங்க சாஞ்சிருக்கீங்க.”

கண்ணாடி முன்னால் போய் நின்றேன். என் கண்ணுக்கு நான் நேராகத்தான் இருந்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காய்ச்சலிலும் லீவு போடாதவள் மறுநாள் லீவு போட்டாள். டாக்டர் என் தொழிலைக் கேட்டதுமே வலி மாத்திரை எழுதப் போனார். அவள் கைப்பையிலிருந்து மூன்று படங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை நடக்கச் சொன்னார். ஸ்கேன் எடுத்ததில் முதுகுத்தண்டுக்குள் ஒரு கட்டி இருந்தது. கெட்ட கட்டி இல்லை; ஆனால் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் செய்தவர் என்னிடம் சொன்னார்: “இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா ரெண்டு காலும் போயிருக்கும். அந்தப் படங்களைப் பத்திரமா வச்சுக்குங்க.”

நாலு மாதம் படுக்கையில் கிடந்தேன். வண்டியை விட்டு இறங்கி வந்த கையோடு என்னைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, என் வாயிலிருந்து வந்த வசவையும் வாங்கிக்கொண்டாள். இன்று கடைக்கு நடந்தே போகிறேன். வைக்கும் ஒவ்வோர் அடியும் அவள் தந்தது. இதை அவளிடம் சொல்லப் போனால், “சரி சரி, டிபன் பாக்ஸை மறக்காதீங்க” என்று வாயை அடைத்துவிடுகிறாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வாரம் ஒன்பதாம் நிறுத்தத்துக்குப் போனோம். கைத்தடி இல்லாமல் நடந்து போய்க் கம்பத்தில் தோளை ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் எப்போதும் நிற்கும் இடத்திலிருந்து கேமராவில் பார்த்தாள். பிறகு முன்னால் வந்தாள். இன்னும் வந்தாள்.

“பின்னால போ, பாறை வராது” என்று கத்தினேன். காதில் வாங்காமல் எடுத்துவிட்டாள்.

படம் வந்ததும் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். தோளுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லை. படம் முழுக்க நான்தான். எனக்குப் பின்னால் கொஞ்சம் சாம்பல் நிறம், அவ்வளவே.

“பாறை எங்கே?” என்றேன்.

“அது எங்கயும் போயிடாதுங்க” என்றாள்.